குதிரைக்கு மருந்தா? முதலில் லத்தியைப் பாருங்க!

தலைப்பைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள் மக்களே. கொஞ்சம் நாற்றமடிக்கும் சமாச்சாரம்தான், ஆனால் சீரியஸான சமாச்சாரம். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி விழுங்கினால் கடைசியில் எந்த மருந்துக்கும் அசையாத கிருமிதான் மிஞ்சும் என்று நமக்கெல்லாம் தெரியும் இல்லையா? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குதிரை லாயங்களில் அதே கதை அறுபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே கிருமிக்குப் பதில் குடற்புழு.

இதில் யாரையும் வில்லன் ஆக்க முடியாது என்பதுதான் சுவாரசியம். 1960களில் குதிரைகளுக்கு எமனாக இருந்தது ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்ற ரத்தப்புழு. இதன் குஞ்சுப் புழுக்கள் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் புகுந்து அதன் சுவரைப் புண்ணாக்கும். அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகி, கட்டி உடைந்து போய்க் குழாயை அடைத்தால் குடலின் ஒரு பகுதியே செத்துவிடும். குதிரை வயிற்று வலியில் உருண்டு புரண்டு சாகும். அந்த நேரத்தில்தான் தயாபெண்டசோல் என்ற நல்ல மருந்து வந்தது. 1966-ல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ட்ரட்ஜ், லயன்ஸ் என்ற இருவர் ஒரு யோசனை சொன்னார்கள்: எல்லாக் குதிரைக்கும் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுங்கள், மேய்ச்சல் நிலத்தில் முட்டையே விழாது. யோசனை பலித்தது. ரத்தப்புழு பல பண்ணைகளில் காணாமலே போனது.

அத்தோடு பழக்கத்தையும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காலண்டரில் தேதி வந்தால் வாயில் மருந்து, அவ்வளவுதான்.

காலியான இடத்துக்கு வந்தவை சிறு ஸ்ட்ராங்கைல்கள். ஏறக்குறைய ஐம்பது இனம் இருக்கிறது. மருந்தில் சாகாமல் தப்பிய ஒன்றிரண்டு புழு முட்டை போட, அடுத்த தலைமுறையில் தப்பும் புழுக்கள் கூடுதலாக, முதலில் தயாபெண்டசோல் வகையறா மருந்துகள் பயனற்றுப் போயின. பைரன்டெலும் பல இடங்களில் தோற்றது. 1980களில் வந்த ஐவர்மெக்டின் (கண்டுபிடித்த ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் 2015-ல் நோபல் கிடைத்ததே, அதேதான்) ரொம்ப நாள் தாக்குப் பிடித்தது. ஆனால் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்த இளம் பந்தயக் குதிரைகளில் ஐவர்மெக்டினுக்கும் சிறு ஸ்ட்ராங்கைல்கள் சாகவில்லை என்று 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. குதிரைகளின் இந்தப் புழுக்களுக்கு இருப்பதே மூன்று மருந்துக் குடும்பங்கள்தான். நாலாவது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

சரி, பரிசோதனைக்கு வருவோம். ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. புது லத்தியில் 4 கிராம் எடுத்து, 56 மில்லி கெட்டியான உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்ட வேண்டும். அதை மெக்மாஸ்டர் என்ற கட்டம் போட்ட கண்ணாடி அறையில் ஊற்றிச் சில நிமிடம் விட்டால், முட்டைகள் லேசானவை என்பதால் மேலே மிதந்து வரும். மைக்ராஸ்கோப்பில் இரண்டு கட்டத்திலும் எண்ணி 50-ஆல் பெருக்கினால், ஒரு கிராம் லத்தியில் எத்தனை முட்டை என்று தெரிந்துவிடும். நம் காலேஜ் லேபில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பே போதும்.

இப்படி எண்ண ஆரம்பித்தபோதுதான் ஒரு வேடிக்கை வெளியே வந்தது. ஒரே புல்வெளியில் மேயும் வளர்ந்த குதிரைகளில் சுமார் 20 சதவீதம்தான் 80 சதவீத முட்டைகளைப் போடுகின்றன! மற்றவை அனேகமாக ஒவ்வொரு வருடமும் குறைவாகவே போடுகின்றன, அவற்றின் எதிர்ப்புச் சக்தி அப்படி. பொதுவாக 200-க்குக் கீழே என்றால் குறைவு, 500-க்கு மேலே என்றால் அதிகம் என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் பத்தில் ஏழெட்டுக் குதிரைக்குக் கொடுக்கும் கூடுதல் டோஸ் எதற்கு? வீண் மட்டுமல்ல, கெடுதல். மருந்து படாத குதிரைகளின் வயிற்றில் இருக்கும் சாதாரணப் புழுக்கள், மருந்தை வென்ற புழுக்களோடு கலந்து, அவற்றின் கை ஓங்காமல் பார்த்துக்கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்துப் புதுப் புல்வெளிக்கு ஓட்டினால், அங்கே விழுவது முழுக்க முழுக்கத் தப்பிய புழுவின் முட்டைதான். இதைத்தான் ரொம்ப நாள் நல்ல பராமரிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

'மருந்து சல்லிசு, டெஸ்டுக்கு வேறு ஏன் தண்டச் செலவு' என்பது வழக்கமான வாதம். இதற்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். மருந்து செத்துப்போனால் அதன் விலை என்னவாக இருந்து என்ன?

ஆனால் இன்னொரு வாதம் கனமானது. டென்மார்க்கில் 1999 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் குதிரைக்குப் புழு மருந்து வாங்க முடியாது. சும்மா தடுப்புக்காகக் கொடுப்பதும் கூடாது. பரிசோதித்து, தேவை என்றால்தான். பிரமாதம் என்று கை தட்டப் போகும்போது 2012-ல் ஓர் ஆய்வு: எண்ணிப் பார்த்து மட்டும் மருந்து கொடுக்கும் பண்ணைகளில் அந்தப் பழைய எமன், ரத்தப்புழு, மற்ற பண்ணைகளைவிட அதிகம் காணப்பட்டது. காரணம் எளிது. ரத்தப்புழு முட்டையும் சிறு ஸ்ட்ராங்கைல் முட்டையும் மைக்ராஸ்கோப்பில் இரட்டைப் பிள்ளைகள். எண்ணிக்கை குறைவு என்று விட்ட குதிரைக்குள் அது சத்தமில்லாமல் வளரலாம்.

'பார்த்தீர்களா, காலண்டரே நல்லது' என்று சிலர் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முட்டை எண்ணிக்கை எதைச் சொல்கிறதோ அதை மட்டும்தான் அதனிடம் கேட்க வேண்டும். யார் நிலத்தை அசுத்தப்படுத்துகிறார்கள் என்று அது சொல்லும். வயிற்றில் எத்தனை புழு என்று சொல்லாது. குடல் சுவருக்குள் உறங்கும் குஞ்சுகளைக் காட்டாது. அவை மொத்தமாக வெளியே வந்தால் கடும் பேதியில், சிகிச்சை கொடுத்தும், பாதிக் குதிரைகள் வரை சாகலாம். நாடாப்புழுவையும் சரியாகக் காட்டாது. அதனால்தான் அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் வளர்ந்த எல்லாக் குதிரைக்கும் வருடத்துக்கு ஒன்றிரண்டு அடிப்படை டோஸ், அதற்கு மேல் அதிக முட்டை போடுபவைக்கு மட்டும் என்கிறது. குட்டிகளுக்குக் கணக்கே வேறு. ரத்தப்புழு சந்தேகம் இருந்தால் லத்தியில் முட்டையைப் பொரிக்க வைத்துக் குஞ்சைப் பார்த்து இனம் கண்டுபிடிக்கலாம், இரண்டு வாரம் ஆகும். டென்மார்க் விட்ட ஓட்டையை அடைக்க இது போதும், பழைய பழக்கத்துக்கே திரும்ப வேண்டியதில்லை.

என் ஆதங்கமெல்லாம் இரண்டாவது பரிசோதனை பற்றித்தான். மருந்து கொடுத்த அன்றும் 14 நாள் கழித்தும் எண்ணிப் பார்த்தால்தான், அந்தப் பண்ணையில் அந்த மருந்து இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். முதல் தடவை லத்தியைப் பையில் போட்டு லேபுக்கு அனுப்புகிறவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. பேஸ்ட் உள்ளே போயாச்சு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்த 14-வது நாள் லத்திக்கும் யாராவது ஒரு பை எடுத்து வைத்தால் தேவலை :-)