கொம்புச்சா ஜாடியும் மேட்டூர் அணையும்

முன்னாடியெல்லாம் ஐ.டி. ஆசாமிங்க ரெண்டு பேர் பாத்துக்கிட்டா சம்பளம், ஆன்சைட், அப்ரைசல்னு பேசுவாங்க. இப்ப "உங்க ஸ்கோபி சௌக்கியமா?"ன்னு விசாரிச்சுக்கிறாங்க. பதிவெழுதுற நம்ம ஆளுங்களும் விதிவிலக்கு இல்ல. குழாய் வச்ச கண்ணாடி ஜாடி, மேல துணி, பக்கத்துல பெருமையா சிரிச்சுக்கிட்டு நிக்கிற பதிவர்னு ஒரு படம் கட்டாயம் வந்துடுது :-)

கொம்புச்சா வேண்டாம்னு சொல்ல வரல. வீட்டுல போடலாம். தொடர்முறையிலயே போடலாம், நம்ம ஊருக்கு அதுதான் சரி. ஆனா "பெரிய ஜாடியா வாங்குங்க"ன்னு ஆளாளுக்கு சொல்ற யோசனை இருக்கே, அது ஒரத்தநாடு மாதிரி ஊருக்கு தப்பான யோசனை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. பால் இல்லாத டீயில சீனி போட்டு, ஏற்கெனவே புளிச்ச கொம்புச்சாவைக் கொஞ்சம் ஊத்தி, துணி கட்டி வச்சா, ஈஸ்ட் சீனியைச் சாராயமாக்கும், அசிட்டிக் பாக்டீரியா அந்தச் சாராயத்தைக் காடியாக்கும். மேல பாலாடை மாதிரி கெட்டியா ஒண்ணு படியும். அதைத்தான் ஸ்கோபின்னு கொஞ்சுறாங்க. அது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ் ஆடை, அவ்வளவுதான். உண்மையான விதை அடியில இருக்கிற புளிச்ச தண்ணி. ஆடையே இல்லாம தண்ணியை மட்டும் ஊத்தினாலும் புது ஆடை தானா வந்துடும்.

கிளம்பினது வடகிழக்குச் சீனான்னு சொல்றாங்க. ஜப்பான்ல கொம்புச்சான்னு கேட்டா கடற்பாசி டீ கொண்டாந்து வைப்பாங்க, அது வேற. ரஷ்யாக்காரங்க இதுக்கு வச்ச பேரு 'டீக்காளான்'. சோவியத் காலத்து சமையலறையில ஜன்னலோரம் 3 லிட்டர் கண்ணாடி ஜாடியில இது பாட்டுக்கு இருக்கும். வேணுங்கற அளவு எடுத்துக்கிட்டு, எடுத்த அளவுக்கு இனிப்பு டீ ஊத்தி வச்சிடுவாங்க. தொடர்முறைன்னு இப்ப நாம புதுசா பேரு வச்சிருக்கிறது இதைத்தான். அந்த 3 லிட்டரை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேலை இருக்கு.

இதுல ரெண்டு முறை. ஒண்ணு, மொத்தமா போட்டு, 7 நாளோ 14 நாளோ கழிச்சு மொத்தமா வடிச்சு, கொஞ்சம் மிச்சம் வச்சு திரும்பப் போடறது. இன்னொண்ணு தொடர்முறை. அதாவது மூணு நாளைக்கு ஒருதரம் கால்வாசி எடுத்து, கால்வாசி ஊத்தறது.

டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்க கெமிக்கல் என்ஜினீயரிங் வேண்டாம். காலைல பேப்பர்ல மேட்டூர் நிலவரம் படிக்கிறவங்கதானே நாம? நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு, இருப்பு இவ்வளவு. 1934-ல மேட்டூர் அணையோட சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாய், அதாங்க நம்ம புது ஆறு, அது இல்லன்னா ஒரத்தநாட்டுப் பக்கம் இவ்வளவு நெல்லு ஏது? அணை முழுக்க நிரம்பினா 93.47 டி.எம்.சி. வரத்துக்கும் வெளியேற்றத்துக்கும் சரியா இருந்தா இருப்பு மாறாது. உள்ள இருக்கிற தண்ணி மட்டும் மாறிக்கிட்டே இருக்கும். கொம்புச்சா ஜாடியும் அதேதான்.

இப்ப கொஞ்சம் கணக்கு. ஓடிடாதீங்க.

4 லிட்டர் ஜாடி. மூணு நாளைக்கு ஒருதரம் 1 லிட்டர் எடுத்து 1 லிட்டர் ஊத்தறோம். அப்ப ஊத்தின டீ ஜாடிக்குள்ள சராசரியா 12 நாள் தங்கும். ஆனா இது சராசரிதான். நீங்க எடுக்கிற ஒரு லிட்டர்ல கால்வாசி மூணே நாள் ஆன டீ. இன்னொரு பக்கம், முதல் நாள் ஊத்தினதுல அஞ்சாறு சதவீதம் பத்து சுற்று தாண்டியும் உள்ளயே சுத்திக்கிட்டிருக்கும். பழசும் புதுசும் கலந்த கூட்டம். ருசி ஒரே சீரா வர்றதுக்குக் காரணமும் அதுதான். எப்பவும் எடுத்துட்டுத்தான் ஊத்தணும், ஊத்திட்டு எடுக்கக் கூடாதுங்கறதுக்குக் காரணமும் அதுதான்.

தொடர்முறையோட பெரிய லாபம் ருசி இல்ல, பாதுகாப்பு. புதுசா போட்ட இனிப்பு டீயில புளிப்பு கிடையாது. பிஎச் 5-ஐ ஒட்டி இருக்கும். பூஞ்சைக்கும் வேண்டாத கிருமிக்கும் அது கல்யாண விருந்து. மொத்தமா போடும்போது பத்துல ஒரு பங்கு விதைத்தண்ணிதான் ஊத்தறோம், அது முழுசா புளிக்கிற வரைக்கும் ஒரு ஆபத்தான இடைவெளி இருக்கு. தொடர்முறையில முக்கால் ஜாடி ஏற்கெனவே நல்லா புளிச்சது, பிஎச் 3 பக்கத்துல. அதுல கால்வாசி டீ ஊத்தினாலும் புளிப்பு பெரிசா இறங்காது. இடைவெளியே கிடையாது. மழைக்காலத்துல வச்சதெல்லாம் பூசணம் பூக்கிற நம்ம ஊருல இது சின்ன விஷயம் இல்ல.

இந்தச் சூட்சுமம் நமக்குப் புதுசா? தயிருக்கு உறை ஊத்தற எந்த வீட்டுக்கும் தெரிஞ்சதுதான். நேத்தைய தயிர் இன்னைக்குப் பாலுக்கு விதை. இட்லி மாவுல கொஞ்சம் பழைய மாவைக் கலக்கறதும் அதேதான். பேரு வைக்காம, படம் போடாம பரம்பரையா நடக்குது.

1950-ல பாரீஸ்ல ழாக் மோனோவும், அமெரிக்காவுல நோவிக், சிலார்டுன்னு ரெண்டு பேரும் இதே தத்துவத்தை ஆய்வுக்கூடத்துல கண்ணாடிப் பாத்திரமா செஞ்சாங்க, அதைத்தான் கீமோஸ்டாட்னு சொல்றாங்க. அதுல இருந்து நமக்கு வேண்டிய பாடம் ஒண்ணுதான்: கிருமி பெருகற வேகத்தை விட வேகமா எடுத்தா, கிருமி அடிச்சுட்டுப் போயிடும். மெதுவா எடுத்தா? சாப்பாடு தீர்ந்து எல்லாம் காடியாயிடும்.

இங்கதான் என் கட்சி ஆரம்பிக்குது.

வெளிநாட்டுச் செய்முறைகள்ல தொடர்முறைக்கு 2 கேலன் ஜாடி வாங்கச் சொல்வாங்க. நம்ம கணக்குல ஏழரை லிட்டர். அவங்க சமையலறை 22 டிகிரியில இருக்கும், மெதுவா புளிக்கும். சித்திரையில ஒரத்தநாட்டு அடுப்படி என்ன சூடுன்னு நான் சொல்ல வேண்டாம். சூடு கூடினா புளிப்பு வேகம் கூடும். அங்க 12 நாள்ல வர்ற பதம் இங்க சீக்கிரமே வந்துடும். பதத்தைக் காப்பாத்தணும்னா அதே ஜாடியில இருந்து அடிக்கடி எடுத்தாகணும். அதாவது, ஜாடி அதேதான், ஆனா நம்ம வெயில் அதை இன்னும் பெரிய ஜாடியாக்கிடுது.

ஏழரை லிட்டர்ல மூணு நாளைக்கு கால்வாசின்னாலே ஒரு நாளைக்கு 600 மில்லிக்கு மேல. வெயில்ல அது இன்னும் கூடும். மூணு பேர் இருக்கிற வீட்டுல யாரு குடிக்கிறது? அப்ப என்ன நடக்கும்னா, ஜாடி நிறைஞ்சிருக்கேன்னு குடிப்பாங்க. அப்பாவுக்கு ஒரு டம்ளர், சித்தப்பா வந்தா ரெண்டு டம்ளர், பக்கத்து வீட்டுக்கு ஒரு பாட்டில். கூடவே "குடலுக்கு நல்லதாம், சுகரையும் குறைக்குமாம்"னு ஒரு இலவச வைத்தியமும்.

இந்த வைத்தியம்தான் எனக்குப் பயம். சுகர் குறையும்னு நம்பிக் குடிக்கிற மாதிரி உறுதியான ஆதாரம் எதுவும் இல்ல. லிட்டருக்கு 70 கிராம் சீனி போடறோம்னு வைங்க. கால்வாசி டீ ஊத்தினவுடனே ஜாடியில லிட்டருக்கு 17.5 கிராம் புதுச் சீனி சேருது. அடுத்த மூணு நாள்ல அதுல ஒரு பகுதி கரையும், எல்லாம் கரையாது. புளிப்பு தூக்கலா இருக்கிறதால இனிப்பு நாக்குக்குத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருக்கிறவங்க, கர்ப்பிணிகள் எல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம தொடக் கூடாதுங்கறது என் கருத்து.

பழைய கதை ஒண்ணு. 1995-ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ரெண்டு பெண்கள் தினமும் கொம்புச்சா குடிச்சுக்கிட்டிருந்தவங்க, ரத்தத்துல அமிலம் கூடி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஒருத்தர் இறந்துட்டார். காரணம் கொம்புச்சாதான்னு நிரூபணம் ஆகல. அதுக்கப்புறம் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது, ஆரோக்கியமான ஆளு ஒரு நாளைக்கு சுமார் 120 மில்லி குடிச்சா பாதகம் இருக்காதுன்னு. அதாவது நம்ம காப்பி டம்ளர்ல ஒண்ணு.

இப்ப நம்ம 4 லிட்டர் ஜாடிக்கு வாங்க. மூணு நாளைக்கு 1 லிட்டர், மூணு பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 110 மில்லி சொச்சம். கணக்கு கச்சிதமா உக்காருதா? கோடை வந்தா இருப்பை 3 லிட்டராக்கிட்டு அதே 1 லிட்டரை எடுங்க, தங்கற நாள் 12-ல இருந்து 9 ஆகும், புளிப்பு மட்டுப்படும். மார்கழியில திரும்ப 4. ரஷ்யப் பாட்டிங்க 3 லிட்டர் ஜாடியோட நிறுத்தினது எதுக்கோ, நமக்கும் அந்த அளவுதான் சரிப்படுது.

நம்ம நீராகாரப் பானையும் இப்படித்தானே இருந்துச்சு? ராத்திரி மிஞ்சின சோத்துல தண்ணி ஊத்தி வைப்பாங்க. காலைல வயலுக்குப் போறவங்க எத்தனை பேரோ அதுக்குத் தக்கபடி பானை. நடவுன்னா பெருசு, மத்த நாள் சின்னது. அன்னன்னிக்கே காலியாயிடும். பானை இருக்குன்னு யாரும் குடிக்கல, பசிக்குதுன்னு குடிச்சாங்க. அந்தப் பழையசோத்தை ஏழை சாப்பாடுன்னு நாமளே ஒதுக்கினோம். 2021-ல மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டியில வங்காளத்துப் பழையசோறு மேடை ஏறுச்சு. அதே வருஷம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில பழையசோத்துக்கும் குடல் அழற்சி நோய்க்கும் ஆராய்ச்சின்னு செய்தி வந்துச்சு. உடனே நமக்கு அது 'ப்ரோபயாட்டிக்'. கொம்புச்சா பாட்டிலுக்கு நூறு ரூபாய்க்கு மேல குடுக்கிறவங்க இதையும் ஒரு நாள் யோசிக்கலாம்.

நிற்க. பாத்திரம் பத்தி ஒரு வார்த்தை. பித்தளை, செம்பு கூடவே கூடாது. பித்தளையில புளி வச்சா களிம்பு ஏறும்னு நம்ம ஆயா சொன்னதே போதும். குழாய்கூட பித்தளையில இருக்கக் கூடாது, நிறைய ஜாடியில முலாம் பூசின பித்தளைதான் வருது, பாத்து வாங்குங்க. பீங்கான் ஊறுகாய் ஜாடியிலயும் மேல்பூச்சு என்னன்னு தெரியாம ஊத்தாதீங்க. 1998-ல ஆஸ்திரேலிய மருத்துவ இதழ்ல, பீங்கான் பானையில கொம்புச்சா போட்டு ஈய விஷம் ஏறின ஒரு தம்பதியோட கதை பதிவாகியிருக்கு. தொடர்முறையில அமிலம் வருஷக்கணக்கா அதே பாத்திரத்துல நிக்குது, அதனால இது இன்னும் முக்கியம். கண்ணாடி உத்தமம். மூடறதுக்கு பழைய வேட்டித்துணி. கொசுவலைத் துணின்னா பழ ஈ உள்ள போயிடும். அடியில ஈஸ்ட் வண்டல் சேரும், மாசம் ஒருதரம் கழுவுங்க. பூஞ்சை வந்தா ஆடையை மட்டும் எடுத்துட்டு சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க, மொத்தத்தையும் கொட்டிடுங்க.

சாராய விஷயமும் மறைக்க வேண்டாம். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதம் தாண்டினா அது மதுபானக் கணக்கு. 2010-ல அமெரிக்கக் கடைகள்ல இருந்து கொம்புச்சாவை இறக்கினதே இந்த 0.5-ஐத் தாண்டினதால. வீட்டு ஜாடியும் தாண்டலாம், அதுலயும் பாட்டில்ல அடைச்சு பொங்க விட்டா இன்னும் கூடும். 1987-ல கள்ளுக்குத் தடை வந்த மாநிலத்துல, பனைமரத்துக் கள்ளு தப்பு, ஜாடிக் கள்ளு நாகரிகம்னு ஆகிடக் கூடாது. குழந்தைங்களுக்குக் குடுக்காதீங்க.

கடைசியா ஒண்ணு, எனக்கு முக்கியமா படறது. தொடர்முறை ஜாடி மூணு நாளைக்கு ஒருதரம் ஒரு ஆளைக் கேக்கும். ஊருக்கு வர்ற நம்ம ஆளுங்க ஜாடியை வச்சுட்டு "பாத்துக்கம்மா"ன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் ஏறிடறாங்க. அம்மா ஏற்கெனவே தயிருக்கு உறை, மாவுக்கு உப்பு, மாட்டுக்குத் தண்ணின்னு எத்தனை ஜாடியைப் பாத்துக்கிட்டிருக்காங்க? நம்ம பொழுதுபோக்குக்கு அவங்களை ஏன் ஆபரேட்டர் ஆக்கணும்? ஊருக்குப் போறீங்களா, ஜாடியை அப்படியே விட்டுட்டுப் போங்க. தயிர் மாதிரி ரெண்டு நாள்ல கெட்டுப்போற சமாச்சாரம் இல்ல இது. மூணு வாரம் கழிச்சு வந்தா வெறும் காடியா இருக்கும். முக்கால்வாசியை எடுத்து பித்தளை விளக்கு தேய்க்கக் குடுத்துட்டு, புது டீ ஊத்துங்க. ரெண்டு மூணு சுற்றுல வழிக்கு வந்துடும்.

வீட்டுல எத்தனை பேரு, யாரு குடிக்கலாம், யாரு ஊத்தப் போறான்னு பாத்துட்டு அப்புறம் ஜாடி வாங்குங்க. கடையில இருக்கிறதுலயே சின்னதா ஒண்ணு போதும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, கோடு அடிக்கிறவன். உடம்பு சம்பந்தமான சந்தேகத்தை டாக்டர்கிட்ட கேளுங்க. கணக்கு சம்பந்தமான சண்டைக்கு மட்டும் நான் ரெடி :-)