கலை கற்பிப்போர் கவனிக்க!

சிலையைக் காட்டிக் கும்பிடச் சொல்வதா கலைக்கல்வி?

நரிக்குடிப் பிள்ளைக்குக் கலை வரலாறு கற்பிக்க அஜந்தாவரை அலைய வேண்டுவதில்லை. 5 வயதில் வேளார் வனையும் மண்புரவியைத் தொட்டுப் பார்க்கட்டும், களிமண் பிசையட்டும். 10 வயதில், அருப்புக்கோட்டை வட்டாரத்துக் குறண்டியிலே சமணப் பள்ளி தழைத்ததையும், அக்குறண்டித் துறவியரின் பெயர் மதுரைச் சமணர் மலையில் கல்வெட்டாக நிற்பதையும் அறியட்டும். 15 வயதில் கேட்கட்டும்: கல் சுமந்தவன் கருவறை கண்டானா?

அண்டையூரான கமுதிக் கோயிலுள் 1897-இல் நுழைந்தனர் நாடார் மக்கள். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது; 1908-இல் அங்கும் உரிமை மறுக்கப்பட்டது. கலையைக் காணும் உரிமை பறிபோன கதை கலை வரலாறன்றி வேறென்ன?

“பிஞ்சு நெஞ்சில் பகை விதைக்காதீர்” என்பர். பகை விதைத்தது பாடமா, பூட்டிய கதவா? உண்மையை வயதறிந்து வகுக்கலாம்; மறைக்கலாகாது!