அண்ணன் பணம்... தங்கை பேரில் பத்திரம்... சரியா?

சென்னையில் வேலை பார்க்கும் அண்ணனும், மதுரை நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கும் தங்கையும் சேர்ந்து அங்கேயே ஒரு மனை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். விலை 18 லட்சம். அண்ணன் 12 லட்சம் போடுகிறார். தங்கை 6 லட்சம். பதிவு நாளன்று அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. ‘உன் பேர்லயே முடிச்சிடும்மா, நமக்குள்ள என்ன?’ என்கிறார்.

பாசத்தில் சொன்ன இந்த வார்த்தைதான் பின்னால் வம்பாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ல் வந்த பினாமி தடைச் சட்டம், 2016-ல் கடுமையாக்கப்பட்டது. கணக்கில் உள்ள பணத்தில் மனைவி, கணவர், பிள்ளைகள் பேரில் சொத்து வாங்கலாம். உடன்பிறந்தவர் என்றால், பணம் போட்டவரின் பெயரும் கூட்டு உரிமையாளராக ஆவணத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பினாமி என்ற கேள்வி எழும். சொத்து பறிமுதலாகலாம், குற்றம் நிரூபணமானால் 1 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. பினாமி சொத்து என்றாகிவிட்டால், ‘அது என் பணம்’ என்று அண்ணன் வழக்குப் போட்டு மீட்கவும் முடியாது.

என்ன செய்யலாம்?

* கிரையப் பத்திரத்தில் இருவர் பெயரும், பங்கும் (மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று) இருக்கட்டும். பங்கு எழுதாமல், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால், சரிபாதி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அண்ணனுக்கு 3 லட்சம் நஷ்டம்.

* அவரவர் பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே கொடுங்கள்.

* பதிவு முடிந்ததும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள்.

* தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். எப்போது விற்பது, வரியை யார் கட்டுவது, ஒருவருக்கு அவசரமாகப் பணம் வேண்டுமென்றால் மற்றவர் எந்த விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்வது என எல்லாம் அதில் வரட்டும். முழு மனையையும் விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும். ஆனால், ஒருவர் தன் பங்கை மட்டும் வெளியாளுக்கு விற்கச் சட்டம் இடம் தருகிறது.

ஒருவர் காலமானால் அவர் பங்கு வாரிசுகளுக்குப் போகும். அன்று அண்ணியும் பிள்ளைகளும்தான் தங்கையின் கூட்டாளிகள். ‘வாய்ப்பேச்சில் முடித்தோம்’ என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

பதிவை ஒரு வாரம் தள்ளிவைத்து, அண்ணனும் நேரில் வந்து கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அந்த மனைக்காக முகம் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்காது.