0.1 மில்லிமீட்டர்தானே!

மெக்கானிக்கல் படிக்கறவங்க வீட்டுல மிக்சி நின்னா யாரைக் கூப்பிடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு வந்தது கொஞ்சம் புதுவிதமான வேலை. கோயம்புத்தூரில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் என் சித்தி, மூடப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பழைய பிலாட்டீஸ் ரிஃபார்மர் ஒன்றை வாங்கியிருந்தார். "கண்ணு, இதுல ஒரு ஸ்பிரிங் தொளதொளன்னு ஆயிடுச்சு, மாத்திக் குடு"ன்னாங்க.

ரிஃபார்மர் பார்க்காதவங்களுக்கு: கட்டில் மாதிரி ஒரு சட்டம், அதுக்குள்ள தண்டவாளத்துல ஓடுற ஒரு பலகை. அந்தப் பலகையை நாலைந்து ஸ்பிரிங்குகள் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மேலே படுத்துக் காலால் தள்ளணும். ஜிம்மில் எடைக்கட்டி செய்யும் வேலையை இங்கே ஸ்பிரிங் செய்கிறது. 1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் முகாமில் அடைபட்டிருந்தபோது நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிப் பயிற்சி கொடுத்தார், அதிலிருந்துதான் இது வந்தது என்று சொல்வார்கள்.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? பழைய ஸ்பிரிங்கைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போய், "அண்ணா, இதே மாதிரி ஒண்ணு"ன்னு கேட்டேன். "2 மி.மீ. கம்பி இல்ல தம்பி, 2.1 இருக்கு"ன்னார். 0.1தானே, போடுங்கண்ணான்னுட்டேன்.

புது ஸ்பிரிங் கச்சிதமாக மாட்டியது. அடுத்த நாள், முழங்கால் ஆபரேஷன் முடிந்து பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மா, வழக்கம்போல ஒரே ஒரு ஸ்பிரிங்கில் படுத்துத் தள்ளினார். மாட்டியிருந்தது நான் கொண்டுவந்த ஸ்பிரிங். சாயங்காலம் முழங்கால் வீங்கிவிட்டது.

சித்தி திட்டவில்லை. "நேத்து வரைக்கும் இதே லோடுதானே குடுத்தேன்?"னு மட்டும் கேட்டாங்க. லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி, இரண்டு ஸ்பிரிங்கையும் ஒரே நீளத்துக்கு இழுத்துப் பார்த்தேன். பழசு 9 கிலோ, புதுசு 13.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாலாவது செமஸ்டர்ல நாம மனப்பாடம் பண்ண அதே ஃபார்முலாதான். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு நேர் விகிதம். கம்பி 5 சதவீதம் தடித்தால் விறைப்பு கிட்டத்தட்ட 22 சதவீதம் கூடும். அது போக, பழைய ஸ்பிரிங் வருஷக்கணக்கில் இழுபட்டுத் தளர்ந்து போயிருந்தது. தேர்வில் இதுக்கு 13 மார்க் வாங்கியிருக்கேன். பட்டறை வாசலில் ஞாபகம் வரலை.

"லோக்கல்ல செஞ்சா இப்படித்தான், கம்பெனி ஸ்பிரிங் வாங்கியிருக்கணும்"னு நண்பர்கள் சொன்னாங்க. பாதிதான் ஒத்துக்கறேன். பட்டறை அண்ணா நான் கேட்டதைத்தான் செய்தார். டிராயிங் கொடுத்தேனா? எவ்வளவு நீளத்தில் எவ்வளவு விசை வேணும்னு சொன்னேனா? தேய்ந்த ஒரு சாம்பிளைக் கொடுத்துட்டு அவரைக் குறை சொன்னா அது நியாயமில்லை.

ஆனா ஒரு விஷயத்தில் நான் உறுதியா இருக்கேன்: மனுஷ உடம்பு மாட்டிக்கொள்ளும் மெஷினில், கொக்கி பொருந்துதுங்கறதுக்காக ஒரு ஸ்பிரிங்கைப் போடக்கூடாது. நிறத்தைப் பார்த்தும் வாங்கக்கூடாது. ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் ஒரே விசை கிடையாது. 'லைட்டா இருந்தா சேஃப்'ங்கறதும் தப்பு. கால் தள்ளும் பயிற்சிக்கு லேசான ஸ்பிரிங் சுலபம். பலகை மேல நின்னு சமநிலை பிடிக்கிற பயிற்சியில் அதே லேசான ஸ்பிரிங் பலகையைப் பிடிக்காது, ஆள் சறுக்குவார்.

அப்போ என்னதான் செய்யலாம்? மெஷினின் தயாரிப்பாளர், மாடல் கண்டுபிடிச்சு, அதற்கான ஸ்பிரிங்கை முழு செட்டாக மாத்துங்க. புதுசும் பழசும் கலந்தா எந்த ஸ்பிரிங் எவ்வளவு இழுக்கும்னு தெரியாது. சும்மா இருக்கும்போதே சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிஞ்சாலோ, கொக்கி வளைவில் துருவோ கீறலோ இருந்தாலோ உடனே கழட்டுங்க. பெரும்பாலும் உடையறது அந்த வளைவுலதான். அசல் செட் கிடைக்கலையா? விசை-நீளக் கணக்கு எழுதிக் கொடுத்து செய்யச் சொல்லி, ஒவ்வொன்றையும் இழுத்துச் சோதிச்ச பிறகு மாட்டுங்க. அதுவும் முடியலைன்னா மெஷினை ஓரங்கட்டுங்க. 'இது வேண்டாம்'னு சொல்றதும் இன்ஜினியர் வேலைதான்.

நம்ம லேப்ல ஸ்பிரிங் டெஸ்டிங் மெஷின் இருக்கு. அதுல நான் எடுத்ததா ரெக்கார்டில் எழுதின ரீடிங் எல்லாம் சீனியரோடது. உங்களோடது?

அந்த அம்மாவுக்கு வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. நான் போய் மன்னிப்பு கேட்டேன். "பரவால்ல கண்ணு, அடுத்த தடவை அளந்து பாத்து போடு"ன்னாங்க. ஃபார்முலா எதுவும் படிக்காதவங்க சொன்னது.