இது நிவாரணம் இல்லை, காசு குடுத்து வாங்கின சாப்பாடு

வருசத்துக்கு ஒருக்காவோ ரெண்டு தரமோதான் எங்கள் வீடுகளில் "வெளியில போய்ச் சாப்பிடுவம்" என்ற பேச்சு எழும்பும். தங்கச்சிக்கு றிசல்ட் வந்தால், அண்ணன் கட்டாருக்குப் பிளேன் ஏற முதல், யாருக்காவது முதல் சம்பளம் கிடைத்தால், அம்மா அப்பாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தால். வாகரையில் அதற்கான இடம் இல்லை. வாழைச்சேனைக்கோ, பாசிக்குடாப் பக்கமோ, மட்டக்களப்பு டவுனுக்கோ போக வேண்டும். வான் பிடிக்க வேண்டும். அம்மம்மா பெட்டிக்குள் மடித்து வைத்த சாறியை எடுப்பா. ரெண்டு மாதம் சேர்த்த காசு ஒரு பின்னேரத்தில் போகும். அப்படிப் போய்க் குந்துகிற மேசையில் எங்களுக்குக் கிடைப்பது என்ன என்பதைப் பற்றித்தான் இந்த முறை எழுதுகிறோம். கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

எங்கள் கூட்டத்தில் இருக்கிற ஆக்களிடம் கேட்டுப் பார்த்தோம். எல்லாரிட்டயும் ஒரு கதை கிடந்தது.

ஒருத்தியின் தங்கச்சிக்கு ஓ.எல்.லில் ஒன்பது ஏ. ரெண்டு நாளுக்கு முன்னமே போன் பண்ணி எட்டுப் பேருக்கு மேசை சொல்லி வைத்தார்கள். போய் இறங்கினால் "அப்பிடி ஒரு புக்கிங்கும் இல்லையே" என்று பதில். கடலைப் பார்த்த மேசைகள் ஆறு வெறுமையாகக் கிடந்தன. இவர்களுக்குக் கிடைத்தது கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், கதவு திறக்கும்போதெல்லாம் கதிரையில் இடிக்கிற மேசை. அரை மணித்தியாலம் கழித்து வெளிநாட்டுக்காரர் நாலு பேர் அரைக் காற்சட்டையோடு நடந்து வந்தார்கள். அவர்களும் புக்கிங் பண்ணவில்லை. கடல் பக்கத்து மேசை உடனே அவர்களுக்குத் திறந்தது.

இன்னொருவன் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோய், சாப்பாடு முடியத் தாங்கோ என்று சொல்லிக் கொடுத்தான். அது குளிர்ப்பெட்டிக்குள் மறந்துபோய், பில்லோடு சேர்ந்து வெளியில் வந்தது. பில்லில் கேக்குக்குப் பரிமாறும் காசு என்று தனியாக ஒரு வரி. கத்தி மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை.

மூன்றாவது கதை ஒரு அப்பாவினுடையது. மெனு முழுக்க ஆங்கிலம். அந்த மனிசன் நாற்பது வருசம் ஆற்றிலும் கடலிலும் வலை போட்டவர். எந்த மீன் எந்த மாதத்தில் எந்த ருசி என்று சொல்லக்கூடியவர். அன்றைக்கு மெனுவைத் தலைகீழாக வைத்திருக்கிறாரோ என்று பயந்து அதை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு பிரைட் ரைஸ் போதும்" என்றார். கேட்டு விளங்கிக்கொள்ளப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. நின்றவரும் தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் பெரிய பகிடி என்ன தெரியுமா? அந்த மெனுவில் ஆக விலை கூடின சாப்பாடு நண்டும் இறாலும். பனிச்சங்கேணி ஆற்றிலும் எங்கள் கரையிலும் பிடிபடுகிற நண்டு விடிய முதல் ஐஸ் பெட்டியில் ஏறி மோட்டார் சைக்கிளில் போகிறது. பின்னேரம் அதே ரோட்டில் வானில் நாங்கள் போகிறோம். நண்டை வாசலில் நின்று வாங்குகிறார்கள், நிறுத்துப் பார்க்கிறார்கள், பழுதாகாமல் பக்குவமாக வைக்கிறார்கள். அந்த நண்டுக்குக் கிடைக்கிற கவனிப்பில் பாதி எங்கட அப்பாவுக்குக் கிடைத்தால் போதும்.

"சனம் கூட, ஆள் காணாது, பொடியனுகளுக்கு டிரெய்னிங் இல்லை" என்று சமாதானம் சொல்லுவார்கள். நாங்கள் அதை நம்பவில்லை. எங்கள் மேசைக்குத் தண்ணி வர முக்கால் மணித்தியாலம் எடுத்த அதே இடத்தில், பக்கத்து மேசைக்குத் தண்ணி, துவாய், சிரிப்பு எல்லாம் ரெண்டு நிமிசத்தில் போனது. ஆகவே கவனிக்கத் தெரியும். யாரைக் கவனிப்பது என்பதுதான் முதலே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. வாசலிலேயே கண் அளந்துவிடும்: வந்து இறங்கின வாகனம், காலில் போட்டிருக்கிற செருப்பு, வாயில் வருகிற பாசை. போருக்குப் பிறகு பாசிக்குடாக் கரையில் வரிசையாக விடுதிகள் எழும்பினபோது தோணி இழுத்து வைக்கிற இடம் சுருங்குகிறது என்று மீனவர்கள் முறைப்பாடு சொன்னார்கள். கரையில் தொடங்கின அந்தச் சுருக்கம் இப்போது சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, ஏன் நாங்கள் சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறோம்? மேசைக்கு மேசை ஒரே வசனம்தான் கேட்கும். "பரவால்ல மனே, உடு."

இந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 கடல் வந்து போனதுக்குப் பிறகு எங்கள் அம்மாமார் வரிசையில் நின்றார்கள். 2006 நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பின் வாகரைச் சனம் காடு கடந்தும் கடல் வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்து, முகாம்களில் திரும்பவும் வரிசையில் நின்றது. அரிசிக்கு வரிசை, பருப்புக்கு வரிசை, தறப்பாளுக்கு வரிசை. வரிசைக்கு ஒரு சட்டம் உண்டு: தந்ததை வாங்கு, குறை சொல்லாதே, குறை சொன்னால் அடுத்த முறை பெயர் இருக்காது. அந்த நேரத்தில் அடங்கி நின்றதால்தான் பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை. அதை நாங்கள் ஒருநாளும் இளக்காரமாகப் பேச மாட்டோம்.

ஆனால் ஹோட்டல் மேசை நிவாரண வரிசை இல்லை. அங்கே எங்களுக்கு யாரும் ஒன்றும் சும்மா தருவதில்லை. விலை சொல்லுகிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம். முகாமில் கற்ற அடக்கத்தை அங்கேயும் கொண்டுபோனால் லாபம் முதலாளிக்கு மட்டும்தான். இருபது வருசத்துக்கு முன்னைய எங்கள் பயம் இன்றைக்கு ஒருவருடைய வியாபாரத்துக்கு உதவுகிறது. இதைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

பில்லை எடுத்துப் பாருங்கள். கீழே ரெண்டு வரி இருக்கும். ஒன்று வற் வரி. 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம். அது அரசாங்கத்துக்குப் போகிறது. மற்றது சேவைக் கட்டணம், வழமையாக 10 வீதம். பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருப்பதால் ரெண்டும் வரி என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியாக்கள் நினைக்கிறார்கள். சேவைக் கட்டணம் வரி இல்லை. "உங்களைக் கவனித்தோம்" என்று சொல்லி ஹோட்டல் தானாகப் போடுகிற காசு. பத்தாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் ஆயிரம் ரூபாய். கதவு இடிக்கிற மேசைக்கும், மறந்துபோன கேக்குக்கும், வராத கத்திக்கும் ஆயிரம் ரூபாய்! வாகரையில் அந்த ஆயிரம் ரூபாய்க்கு என்ன பெறுமதி என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் இதற்கு எதிராகச் சனம் முறைப்பாடு செய்தது. 2022 ஜூலையில் அங்குள்ள மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாங்களாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டல் வெளியிட்டது. உணவக முதலாளிமாரின் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. தனித்தனியாக ஆக்கள் எழுதின முறைப்பாடுகள் சேர்ந்துதான் இது நடந்தது.

எங்கள் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. விலையைப் பார்க்கக்கூடிய மாதிரி காட்ட வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும், சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், ஏமாற்றுகிற மாதிரி நடக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எங்கள் வகுப்பறையில் ஒருநாளும் இதைச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கோபம் வெயிட்டர் தம்பி மேல் இல்லை. அவன் அநேகமாக எங்கட பொடியன்தான். கிரானோ, வாழைச்சேனையோ, மலையகமோ. காலையில் இருந்து காலில் நிற்கிறான். பதினைந்து மேசைக்கு ரெண்டு பேரைப் போட்டுவிட்டு உள்ளே குளிர் அறையில் கணக்குப் பார்க்கிறது வேறு ஆள். எந்த மேசையை யாருக்கு ஒதுக்குவது என்று சொல்லிக் கொடுத்ததும் வேறு ஆள். நாங்கள் கட்டுகிற 10 வீதம் முழுதாக அவன் கைக்குப் போகிறதா என்று கேட்டால் அவன் சிரித்துவிட்டுப் போவான். அவனைப் பேசிப்போட்டு வருவது வீரம் இல்லை. மேலே இருந்து அவன் மேல் விழுகிற அடியை நாங்களும் சேர்ந்து அடிப்பதுதான் அது. முறைப்பாடு மேல் நோக்கிப் போக வேண்டும். மனேஜரைக் கூப்பிடுங்கள், முதலாளிக்கு எழுதுங்கள். தம்பிக்கு நன்றி சொல்லுங்கள்.

"ஊரில் ஒருவேளைச் சோற்றுக்குச் சனம் கஷ்டப்படுது, உங்களுக்கு ஹோட்டல் மேசை பிரச்சினையா?" என்று கேட்கிற ஆக்கள் இருப்பார்கள். ஓம், பிரச்சினைதான். சாப்பாட்டுக் கடையில் ஒருவரை எப்படி நடத்துவது என்பது எங்கள் சமூகத்தில் எப்போதும் மரியாதைப் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதி ஆக்களுக்குப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த காலம் இருந்தது. வாங்கில் இருக்க விடவில்லை. அதைத் தடுக்க 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் பேணி மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து ஊர்வலம் கிளம்பி, பொலிஸ் அடி வாங்கி, அதற்குப் பின் கடை கடையாகப் போராடித்தான் அந்த வாங்கில் இடம் கிடைத்தது. அந்த ஆக்கள் கொடுத்த விலைக்குப் பக்கத்தில் எங்கள் கதை சின்னது. ஆனால் காசு குடுத்தாலும் நீ கடைசி மேசைக்காரன்தான் என்று சொல்லுகிற புத்தி ஒரே புத்திதான்.

ராசா மாதிரி நடத்தச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்பது நாலே நாலு விசயம்.

ஒன்று, மெனு தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ் ஆட்கள் வாழுகிற மாவட்டத்தில், தமிழ் ஆட்கள் பிடித்த மீனை விற்கிற இடத்தில், தமிழில் ஒரு தாள் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

ரெண்டு, வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்துக் கடைசி விலை எவ்வளவு என்று ஓடர் எடுக்க முதல் தெரிய வேண்டும். பில் வரும்போது அப்பாவின் முகம் கறுக்கக் கூடாது.

மூன்று, சொல்லி வைத்த மேசை சொல்லி வைத்தவருக்குத்தான். வெள்ளைத் தோலுக்கோ கொழும்பு வாகனத்துக்கோ அது மாறக் கூடாது.

நாலு, சேவைக் கட்டணம் எடுத்தால் அது ஊழியர்களுக்குப் போகிறது என்று சுவரில் எழுதிப் போடுங்கள். எழுத முடியாவிட்டால் எடுக்காதீர்கள்.

எங்களை வாசிக்கிற பொடியனுகளுக்கும் பெட்டையளுக்கும் சொல்லுவது இது. புக்கிங் பண்ணும்போது பேசினவரின் பெயரை வாங்குங்கள், முடிந்தால் வட்ஸ்அப்பில் எழுத்தில் கேளுங்கள். பில்லை எறியாதீர்கள். கவனிப்புக் கிடைக்காவிட்டால் சேவைக் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லி அமைதியாகக் கேளுங்கள். குரல் உயர்த்தத் தேவையில்லை, ஆனால் எழும்பிப் போகவும் தேவையில்லை. பக்கத்தில் அம்மா கையைப் பிடித்து "உடு மனே" என்பா. அவவின் கையை விடாமலே கேளுங்கள். நல்லாக் கவனித்த இடம் இருந்தால் அதையும் ஊரெல்லாம் சொல்லுங்கள். சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் "இன்னும் கொஞ்சம் சொதி ஊத்தவா தங்கச்சி?" என்று கேட்கிற அக்காமார் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த பிறந்தநாளுக்கு அங்கே போகலாம். கடல் தெரியாது, ஆனால் ஆளைத் தெரியும்.

மட்டக்களப்பார் வந்த ஆளைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊர்க்காரர் சொல்லுவார்கள். மந்திரம் என்று பயந்து சொன்ன கதை அது. எங்கள் பெரியாக்கள் அதற்கு வேறு விளக்கம் சொல்லுவார்கள்: வந்தவரை அப்படிக் கவனிப்போம், எழும்பிப் போக மனம் வராது. அந்தப் பேரை இன்றைக்குச் சுற்றுலா விளம்பரத்துக்கு விற்கிறார்கள். விற்றுப் பிழைக்கட்டும், நாங்கள் தடுக்கவில்லை. விற்கிறவர்கள் அந்தப் பாயில் முதலில் எங்கட அம்மம்மாவை இருத்தட்டும்.