வெண்டைக்காய்க்கு விலை வைப்பது யார்?

காய்கறி விலை ஏறும்போதெல்லாம் பெரிய பத்திரிகைகள் கூக்குரல் போடுகின்றன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது கிளம்பிய கூக்குரல் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மறைமலை நகரில் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளி கால் கிலோ வாங்கிக்கொண்டு, “விவசாயிக்கு நல்ல காலம்” என்று முணுமுணுத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டோம். அவர் பார்ப்பது கடைத் தராசை மட்டுமே. ஆகவே தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறோம்.

செங்கல்பட்டு ஏரிகளின் ஜில்லா. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால்தான் ஆண்டு நகரும். ஏரித் தண்ணீர் பாயும் இடத்தில் நெல். பாயாத மேட்டிலும், திருப்போரூர் தொடங்கி மாமல்லபுரம் வழியாகச் செய்யூர் வரை நீளும் மணற்பாங்கான நிலத்திலும் கத்திரி, வெண்டை, மிளகாய், கீரை, தர்பூசணி. இதைப் பயிரிடுகிறவர் பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்க்காரர். பலருக்கு அதுவும் சொந்தமில்லை, குத்தகை.

மழை ஓய்ந்து ஈரம் வடிந்ததும் வேலை தொடங்குகிறது. கத்திரி விதையை நாற்றங்காலில் தூவி ஒரு மாதம் காப்பாற்ற வேண்டும். பிடுங்கி நட்ட பிறகு முதல் காய்க்கு ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்குள் தண்டைத் துளைக்கும் புழு வந்துவிடும். மருந்துக் கடையில் கடன் ஏறிவிடும். வெண்டை ஒன்றரை மாதத்திலேயே காய்க்கும். காய்க்கத் தொடங்கினால் ஆளை விடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். தப்பினால் முற்றிப் போகும். முற்றியதை மண்டியில் தொடமாட்டார்கள். விடியுமுன் பெண்கள் வரிசையில் இறங்குகிறார்கள். வெண்டைச் சுணை கையை அரிக்கிறது. பழைய சட்டையின் கையை வெட்டி மாட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். கூலிக்கு வந்தவளும் வீட்டுக்காரியும் ஒரே வரிசையில்தான். சித்திரை, வைகாசியில் கடலோர மணல் ஒரு பொழுதுகூடத் தண்ணீரை வைத்துக்கொள்ளாது. கீரைப் பாத்திக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும்.

இத்தனையும் செய்தவர் விலை சொல்கிறாரா? இல்லை. மூட்டை மண்டிக்குப் போகிறது. விலை அங்கே சொல்லப்படுகிறது. விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கொடுத்தவரே பல இடங்களில் அந்த மண்டிக்காரர். முன்பணம் வாங்கியவர் மூட்டையை வேறிடம் திருப்ப முடியுமா? கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. கமிஷனும் கூடவே போனது.

2024இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை கணக்குச் சொல்கிறது: தக்காளி வாங்குகிறவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதியில் லாரி வாடகையும் சுமைக்கூலியும் அழுகலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விலை விழும் நாளில் முதலில் சுருங்குவது இந்த 33 காசுதான்.

2025 கோடையில் தர்பூசணிக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பழத்துக்குள் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ஜனங்கள் பயந்து வாங்காமல் ஒதுங்கினார்கள். அறுவடை நேரத்தில் விலை படுத்துவிட்டது. அப்படிக் கலப்படம் எதுவும் இல்லை என்று அதிகாரிகள் பிறகு விளக்கினார்கள். பழம் பிறகு வரை காத்திருக்குமா?

புயல் வந்தாலும் இதே கதிதான். 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. இப்படிக் காற்றடித்து மிளகாயும் கத்திரியும் சாய்ந்தால், கணக்கெடுக்க வரும் அதிகாரி பட்டாவையும் அடங்கலையும் கேட்கிறார். வாய்மொழிக் குத்தகைக்காரரிடம் அது ஏது? மத்திய சர்க்கார் 2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறதே, அதுவும் நிலம் தன் பெயரில் உள்ளவருக்கே. உழுகிறவர் ஒருவர், உதவி பெறுகிறவர் இன்னொருவர்! குத்தகையைப் பதிவு செய்ய 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. மனுக் கொடுத்தால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது என்ற பயமும் உண்டு.

உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது. நல்ல ஏற்பாடு, தயங்காமல் சொல்வோம். 2001இல் ஆட்சி மாறியதும் அதைக் கவனிப்பாரில்லை. 2006க்குப் பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. ஆனால் பறித்தவரே சுமந்து போய், நிறுத்து விற்க வீட்டில் ஆள் வேண்டும். அத்தனை சரக்கையும் அது தாங்காது.

மத்திய சர்க்கார் 22 பயிர்களுக்கு ஆதார விலை அறிவிக்கிறது. அந்தப் பட்டியலில் கத்திரி இல்லை, வெண்டை இல்லை, தக்காளி இல்லை. அழுகும் பொருளுக்கு எப்படி விலை வைப்பது என்று கேட்கிறார்கள். கேரளத்தில் வைத்தார்களே! 2020 நவம்பர் 1 முதல் காய்கறி, பழம், கிழங்கு என 16 வகைகளுக்கு, உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் கூட்டி அடிப்படை விலை அறிவித்தார்கள். அதில் குறைகள் இருக்கலாம். வழி இருக்கிறது என்பது தெரிகிறதல்லவா? அதே வழியைத் தமிழ்நாட்டிலும் கேட்கிறோம். செலவுக் கணக்கில் சுணையில் கை அரிக்கப் பறிக்கும் பெண்ணின் நியாயமான கூலியும் சேர வேண்டும். அவள் வயிற்றில் அடித்து வரும் விலை நமக்கு வேண்டாம்.

அப்படியானால் நகரத்தில் விலை ஏறாதா என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. நாமும் ஒன்று கேட்கிறோம்: தோட்டத்தில் விலை பாதியாக விழுந்த நாட்களில் உங்கள் தெருக் கடையிலும் பாதியாக விழுந்ததா? நடுவிலுள்ள 67 காசில் கை வைக்கத்தான் சொல்கிறோம்.

வைகாசி வாக்கில் தாலுகா கச்சேரிகளில் ஜமாபந்தி நடக்கும். குத்தகைக்காரர் தனியாகப் போனால் நிலச் சொந்தக்காரருக்கு அன்றைக்கே சேதி போய்விடும். ஊராகச் சேர்ந்து போகட்டும். மனுவில் சர்வே நம்பர், பயிர், எத்தனை வருஷமாகப் பயிரிடுகிறார் என்ற மூன்றும் இருக்கட்டும். மனுக் கொடுத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம்.