ஒரு சோறு பதமா?

2012ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருநாள், எங்கள் ஒழுங்கைக்குக் குடிசன மதிப்பு எடுக்க ஓர் இளைஞர் வந்தார். அடுத்த வீட்டுப் பெரியம்மா அவரை விறாந்தையில் இருத்தித் தேநீர் கொடுத்தார். வீட்டில் எத்தனை பேர், வயது என்ன, இனம் யாது, சமயம் யாது, மணமானவரா, துணையை இழந்தவரா என்று அவர் கேட்டவற்றுக்கெல்லாம் பொறுமையாக விடை கூறினார். எழுதி முடித்து எழுந்தவரை மறித்து, “ஏன் தம்பி, இவ்வளவுதானா? முப்பது வருஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறீர். வேறொன்றும் கேட்க இல்லையா?” என்றார். இளைஞர் சிரித்துக்கொண்டே அடுத்த படலைக்குப் போய்விட்டார்.

பெரியம்மா கணக்கில் பிழை விடவில்லை. நாடு முழுவதற்கும் எடுத்த மதிப்பில் திருகோணமலை மாவட்டம் முழுமையாக எண்ணப்பட்டது அதற்கு முன் 1981இல்தான். 1991இல் மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது ஏழு மாவட்டங்களில் அது நிறைவுறவில்லை. அவற்றுள் நமது மாவட்டமும் ஒன்று. 2007இல் எடுத்த சிறப்புக் கணக்கு ஒன்றே இடையில் நமக்குக் கிடைத்தது. குடும்பம், பிள்ளைப்பேறு, உடல்நலம் ஆகியவற்றை வீடு வீடாக விசாரித்து 1987இலும் 1993இலும் நடத்திய ஆய்வுகளோ வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடந்தன. அந்த இடைவெளியிலேதான் போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது, 2004இல் கடல் வந்தது. 1981இல் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்த மாவட்டத்தில், 2012இல் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் முஸ்லிம்கள், 31 பேர் தமிழர், 27 பேர் சிங்களவர். எண்ணிக்கை இவ்வாறு மாறியதை அறிவோம். அந்த முப்பது ஆண்டுகளில் மனிதர் மனம் எவ்வாறு மாறியது என்பதை அறிய வழி இல்லை. கேட்டு எழுதி வைத்தவர் இல்லை.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அபிப்பிராயக் கணிப்பு என்னும் கலை முழுவதும் இந்தப் பழமொழிக்குள் அடங்கும். ஆனால் பானையின் ஒரு பக்கத்தில் மட்டும் நெருப்பு எரிந்தால், அந்தப் பக்கத்துச் சோற்றை நசுக்கிப் பார்த்துப் பயன் என்ன? 1936இல் ஐக்கிய அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் சஞ்சிகை, சனாதிபதித் தேர்தலில் வெல்பவர் யார் என்று அறிய ஒரு கோடி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது சஞ்சிகை. 48 மாநிலங்களில் 46இல் வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்தே பெயர்களைப் பெரும்பாலும் எடுத்தார்கள். பஞ்ச காலத்தில் அவை யார் வீட்டில் இருந்திருக்கும்? மிகச் சிறு தொகையினரை ஆய்ந்து தேர்ந்து கேட்ட ஜோர்ஜ் கலப் முடிவைச் சரியாகச் சொன்னார்.

கலப்பின் நிறுவனம் அன்று முதல் அந்நாட்டு மக்களை விடாமல் கேட்டு வருகிறது. தேவாலய உறுப்பினர் என்று சொல்லிக்கொண்டோர் 1937இல் நூற்றுக்கு 73 பேர். 2020இல் 47 பேர். ஆயினும், வாசகர்களே, சமயத்தையும் அரசியலையும்விட மனிதரை உள்ளபடி காட்டும் வினா ஒன்று உண்டு. அது கலியாண வினா. கறுப்பரும் வெள்ளையரும் மணம் செய்வதை ஒப்புகிறீர்களா என்று 1958இல் கேட்டபோது ஒப்பியவர்கள் நூற்றுக்கு 4 பேர். 2021இல் 94 பேர். இடையே 1967இல் அத்தகைய மணத்தைத் தடுத்த சட்டங்களை அந்நாட்டு உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. புதிதாக மணம் செய்வோருள் வேற்றினத்தவரை அல்லது வேற்று வகுப்பினரைக் கொண்டோர் 1967இல் நூற்றுக்கு 3 பேர். 2015இல் 17 பேர். வாய் ஓடிய தூரத்துக்குக் கால் இன்னும் ஓடவில்லை.

வேடிக்கை வேறோரிடத்தில் இருக்கிறது. மாற்றுக் கட்சிக்காரர் வீட்டில் உம் பிள்ளை சம்பந்தம் செய்தால் வருந்துவீரா என்று 1960இல் கேட்டார்கள். வருந்துவோம் என்றவர்கள் நூற்றுக்கு ஐவர் அளவே. 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறையப் பாதிப்பேரும் சனநாயகக் கட்சியினரில் மூன்றிலொருவரும் வருந்துவோம் என்றார்கள். இரு கணிப்புகளின் வினாச் சொற்களும் முற்றும் ஒன்றல்ல. எனினும் இத்தனை பெரிய வேறுபாடு சொல்லால் மட்டும் விளைவதன்று. நிறத்தின் மதில் தாழத் தாழக் கட்சியின் மதில் உயர்ந்திருக்கிறது. பின்னர் ஓர் ஆராய்ச்சியாளர் குழுவினர், வரப்போகும் மருமகன் அரசியலே பேசமாட்டான் என்று சேர்த்துக் கேட்டார்கள். வருந்துவோர் தொகை வெகுவாகக் குறைந்தது! கட்சி வெறுப்பிற் பாதி, உணவு மேசையில் வாதம் வேண்டாம் என்னும் சலிப்புத்தான் போலும்.

அமெரிக்கர் கதை நமக்கு எதற்கு என்பீர்கள். பாக்கு நீரிணைக்கு அப்பால், 2019 இறுதியிலிருந்து 2020 மார்ச்சு வரை பியூ ஆய்வு நிலையம் இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரை 17 மொழிகளில் விசாரித்தது. எல்லாச் சமயங்களையும் மதிப்பது உண்மை இந்தியருக்கு மிக முக்கியம் என்றவர்கள் நூற்றுக்கு 84 பேர். தம் சாதிப் பெண்கள் வேறு சாதியில் மணப்பதைத் தடுப்பது மிக முக்கியம் என்றவர்கள் 64 பேர். இரண்டையும் ஒரே மனிதர், ஒரே திண்ணையிலிருந்து சொல்லியிருக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் படகுப் பாதையில் போனோம். இன்று நிமிடங்களிற் போகிறோம். மீன் சந்தையிலும் ஆசுப்பத்திரி வரிசையிலும் துறைமுக வேலையிலும் மூவினத்தாரும் தோளுரசி நிற்கிறோம். பெருநாளுக்கு வட்டிலப்பமும் பொங்கலுக்குப் புக்கையும் மதிலுக்கு மேலாகக் கைமாறுகின்றன. சம்பந்தப் பேச்சு வந்தால் மட்டும் மதில் மதிலாகிவிடுகிறது. தமிழருக்குள்ளே கேட்கும் கேள்விகளையோ சொல்ல வேண்டியதில்லை. குடிசன மதிப்புக்காரர் சாதியைக் கேட்பதில்லை. கலியாணத் தரகர் அதைத்தான் முதலிற் கேட்கிறார்.

ஆயினும் நம்மிடமும் ஒரு கணிப்பு உண்டு. அது ஞாயிறுதோறும் அச்சாகிறது. மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைச் சொல்கிறேன். அவற்றில் மனிதர் காசு கொடுத்துத் தம் விருப்பத்தை எழுதுகிறார்கள். காசு கொடுத்துப் பொய் சொல்வோர் குறைவு. நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரத்தில் பழைய பத்திரிகைகள் பல உள்ளன. மாணவர் யாரேனும் பத்து ஆண்டுகளுக்கு ஒன்றாக இதழ்களை எடுத்துக்கொண்டு, சாதி, சமயம், உத்தியோகம், வெளிநாடு ஆகியவற்றை எத்தனை பேர் குறிக்கிறார்கள், எதைக் குறியாது விடத் தொடங்கியிருக்கிறார்கள் என்று எண்ணலாம். ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் போதும். விளம்பரம் கொடுக்க வசதியற்றவர்கள் இதிலும் விடுபடுவார்கள் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதிக்கொள்க.

சென்ற மாதம் அந்தக் கலியாண வினாவைப் பெரியம்மாவிடமே கேட்டேன். பேத்தி வேறு சமயத்துப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன சொல்வீர்கள்?

வெற்றிலையை மடித்தபடி சற்று யோசித்தார். “நீர் பத்திரிகையில் எழுதுகிறவர். உமக்கென்றால், சம்மதம் என்று சொல்லுவேன்.”

“பேத்திக்கு?”

“அவள் இன்னும் கேட்கவில்லையே” என்றார்.